ஒற்றை வட்டம்

அந்தக் கண்ணாடித் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சீழிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகளின் மேல் மருந்துப் பொட்டுகள் வைத்திருந்தோம். மருந்துக்குக் கிருமி செத்தால் பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். இதில் ஒரே ஒரு வட்டம்தான், அதுவும் மெல்லியதாக. மற்றப் பொட்டுகளின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தது. தட்டில் ஒட்டியிருந்த பெயர் என் சித்தப்பாவுடையது.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. டெக்னீசியன்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் சித்தப்பாவுக்கு நான் டாக்டரம்மா. அப்படி அவர் நாலு பேர் முன்னால் கூப்பிடும்போது எனக்குக் கூச்சம் வந்ததில்லை, பெருமைதான் வந்தது.

அவர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்குபவர். கூண்டுக் கம்பி காலைக் கிழித்தபோது, தீவனத்தில் போடும் மருந்துத் தூளையே காயத்தில் அப்பிக்கொண்டார். பண்ணையில் எல்லாரும் செய்வதுதான். பிறகு கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. வலி குறைந்ததும் நிறுத்தினார், வலித்ததும் மறுபடி விழுங்கினார். சர்க்கரை நோய் வேறு.

“கோழிக்கே கேக்குது, எனக்குக் கேக்காதா சாமி?” என்று எங்கள் மருத்துவமனை வார்டில் படுத்தபடி சிரித்தார்.

“நீங்க என்ன கோழிங்களா சித்தப்பா?”

“உஞ்சித்தியக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவா.”

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க அறுவை முடிந்த ஒரு பெரியவர். துணைக்கு ஆள் இல்லை. சித்தப்பாதான் எட்டித் தண்ணீர் கொடுப்பார், வயிற்றில் நழுவிய துணிக்கட்டை இழுத்துச் சரிசெய்வார். தன் புண்ணைத் தடவிப் பார்த்த கையாலேயே. கழுவச் சொன்னால், “எங்க அழுக்கு இருக்குது, காட்டு பாப்போம்” என்று உள்ளங்கையை விரிப்பார்.

வட்டம் விழுந்த அந்த ஒரு மருந்தைச் சித்தப்பாவுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அதற்குள் அழுகல் கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

போன வாரம் பெரியவரின் தையலில் சீழ் கட்டியது. இரண்டு நாள் கழித்து அவருடைய தட்டைப் பார்த்தேன். அதே கிருமி. இதில் அந்த ஒரு வட்டமும் இல்லை.

வார்டுக்குப் போனேன். பெரியவரின் கட்டிலைத் திரை மறைத்திருந்தது.

“டாக்டரம்மா வந்துட்டா!” என்றார் சித்தப்பா, சத்தமாக. “அந்த மனுசனுக்கு நேத்துலருந்து காச்சலுங்கறாங்க. எந்த மருந்து கேக்கும்னு நீ சொல்லு சாமி.”

வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அநேகமாக எல்லார் உடம்பிலும் கட்டு இருந்தது.