மூன்றாவது பெடல்

1987 செப்டம்பர் 18. சின்னசேலத்துக்குக் கிழக்கே சேலம் சாலையில் ஒரு புளியமரம் சாய்ந்தது. இட ஒதுக்கீடு கேட்டு தென்னாற்காடு மாவட்டமே சாலையில் உட்கார்ந்திருந்த வாரம் அது. பஸ் போகக் கூடாதென்று ஊருக்கு ஊர் மரம் வெட்டிப் போட்டார்கள். கயிறு இழுத்தவர்களில் கொளஞ்சியப்பனும் ஒருவர். வயது இருபத்து மூன்று. மரம் நினைத்த பக்கம் விழவில்லை. அவரைத் தூக்கிப் போக வண்டி தேடினார்கள். சாலையை அவர்களே அடைத்து வைத்திருந்ததால் ஒன்றும் வரவில்லை. மாட்டு வண்டியில் வயல் வழியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர டாக்டருக்கு வேறு வேலை மிச்சமிருக்கவில்லை.

போராட்டம் பலித்தது. அந்த ஒதுக்கீட்டில் அவர் மகன் தமிழழகன் படித்தான், அரசு வேலைக்கும் போனான். கொளஞ்சியப்பன் விதைக்கடை வைத்து, கல்லாவுக்குப் பின்னாலேயே காலத்தைக் கழித்தார். கல்வராயன் மலையிலிருந்து மக்காச்சோள விதை வாங்க வருகிறவர்கள், "எங்க ஊருக்கு ஒரு வாட்டி வாங்களேன்" என்பார்கள். "வரேன், வரேன்" என்பார். செயற்கைக் காலோடு மலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக முடியாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

2018இல் தமிழழகன் பழைய கார் ஒன்று வாங்கினான். கியர் தானாக மாறும் வண்டி. பெடல் இரண்டுதான், இரண்டும் வலது காலுக்கு. பெயரளவில்தான் அது மகனின் கார். ஐம்பத்து நான்கு வயதில் கொளஞ்சியப்பன் ஓட்டப் பழகி, உரிமமும் வாங்கி, விதை மூட்டையோடு கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஏறினார். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது போகாமல் இருக்க முடியவில்லை.

"மலையில இன்னா வெச்சிருக்குது?" என்பாள் மனைவி பச்சையம்மாள்.

"யாவாரம்" என்பார். வியாபாரம் பாதி பொய். கார்க் கண்ணாடிக்குள் அவரை யாரும் நொண்டி என்று பார்ப்பதில்லை.

2020 டிசம்பரில், இந்த முறை தனி ஒதுக்கீடு கேட்டு, போராட்டம் மறுபடி தொடங்கியது. கள்ளக்குறிச்சி ஊர்வலத்துக்குக் கொடி கட்டி அந்தக் காரை எடுத்துப் போனவன் சரத்குமார், தமிழழகனின் மச்சினன். ஓட்டிப் பழகியதெல்லாம் கிளட்ச் வண்டி. பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தான். கார் அடித்து நிறுத்தினாற்போல் நின்றது. பின்னால் வந்த வேன் டிக்கியில் வந்து சொருகியது.

"கிளட்ச்சே இல்லாத வண்டியில கிளட்ச் தேடுறான்யா!" என்று ஊர்வலத்தில் வந்தவர்கள் கோஷத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கார் பட்டறைக்குப் போனது. டிக்கி நெளிவு எடுக்க எத்தனை நாள்? ஒரு மாதம் ஆகியும் வராததால் கொளஞ்சியப்பனே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனார். பட்டறைக்காரர் நாராயணசாமி கதவைத் திறந்து காட்டினார். பெருமையாகத்தான்.

"கியர் பெட்டி பழசேதாங்க. கியர் மாத்திகினு இருந்த மெஷினைக் கழட்டிட்டேன். கியர் ராடு போட்டு, கிளட்ச் வெச்சாச்சு. இனிமே யார் வேணா ஓட்டலாம்."

ஓட்டுகிறவரின் இடது காலுக்கு நேரே புதிதாக ஒரு பெடல் இருந்தது.

கொளஞ்சியப்பன் ஏறி உட்கார்ந்து செயற்கைப் பாதத்தை அதன்மேல் வைத்தார். அழுத்தினால் தொடையிலிருந்து மொத்தமாக இறங்கியது. விட்டால் மொத்தமாகத் துள்ளியது. மலை வளைவில் அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்த பாதத்தில் உணர்வு வேண்டும். மூன்றாம் முறை பாதம் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தது.

"நீங்க ஓட்டுறத வுட்டுட்டதா உங்க புள்ள சொன்னாருங்களே" என்றார் நாராயணசாமி. குரல் இறங்கியிருந்தது.

"பழைய மெஷினைத் திருப்பி மாட்ட முடியுமா?"

"முடியுங்க. ஓனர் சொல்லணும்."

அன்று மாலை வீட்டில் மகனைக் கேட்டார். "நான் எப்படா ஓட்டறத வுட்டேன்?"

"மலைக்கு மானுவல்தாம்ப்பா இழுக்கும். உனக்கும் வயசாவுது. எங்க போவணும்னு சொல்லு, சரத் கூட்டிகினு போவான்."

"பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவனா?"

"அதான் இப்ப கிளட்ச் இருக்குதே மாமா" என்றான் வாசலில் நின்ற சரத்குமார். தமிழழகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"சொன்னா வுட்டிருப்பியா?"

பச்சையம்மாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். "கடையில ஒக்காந்து யாவாரத்தப் பாரு, போதும்" என்றாள். கொளஞ்சியப்பன் தட்டைத் தள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து, சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார். சாவி சரத்குமாரின் பையில் இருந்தது.

2021 பிப்ரவரிக் கடைசியில் உள் ஒதுக்கீடு சட்டமானது. ஊரில் வெடி வெடித்தார்கள். அடுத்த வாரமே நோட்டீஸ் வந்தது. கச்சிராயபாளையத்தில் வெற்றி விழா, எண்பத்தேழில் காலை இழந்த கொளஞ்சியப்பனுக்குப் பொன்னாடை. கச்சிராயபாளையம் தாண்டினால் வெள்ளிமலை ஏற்றம்தான்.

"மேல ஒரு எட்டு போய்ட்டு வரலாமாடா?" என்று சரத்குமாரைக் கேட்டுப் பார்த்தார்.

"விழா முடிய லேட்டாவும் மாமா. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்."

விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குக் கார் வாசலுக்கு வரும். அவர் பின்சீட்டில் உட்காருவார்.