ஊசி நோட்டில் காலி இடம்

ஆம்பூர் ரெட்டித்தோப்பில் ஞானசுந்தரியைப் பற்றி விசாரித்தால் இரண்டு பதில் கிடைக்கும். "நல்ல வேலைக்காரி" என்பார்கள். அதே மூச்சில், "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார்கள். இரண்டும் உண்மைதான். வேலை தெரியாமல் வாய் மட்டும் உள்ளவர்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர். அவர்கள் ஆண்களாக இருந்துவிட்டால் 'கறாரான ஆள்' என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ரயில்வே சுரங்கப் பாதையைத் தாண்டிப் போனால் தகர ஷீட் போட்ட ஒரு கொட்டகை வரும். உள்ளே எட்டு மெஷின், எட்டுப் பெண்கள். ஷூவின் அடிப்பாகம் நீங்கலாக மேலே இருப்பதெல்லாம் அப்பர். வெட்டிய தோலை வாங்கி அப்பராகத் தைத்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. கணவர் ஜோசுவாவுக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. காலை ரயிலில் போனால் சாயங்கால ரயிலில்தான் வருவார். கொட்டகைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஓனர் இல்லையா?" என்பதுதான். "ஓனர்தான் பேசறேன், சொல்லுங்க" என்று அவள் சொல்லும் தோரணையிலேயே பாதிப் பேருக்கு வந்த வேலை மறந்துவிடும்.

கொட்டகை போடுவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு ஷூ கம்பெனியில் இருந்தாள். பசை தடவ ஆரம்பித்து லைன் சூப்பர்வைசர் வரை போனாள். அங்கே ஊசி நோட்டு என்று ஒன்று உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்தாக வேண்டும். அவற்றை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் தைத்தவர் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேஜையில் இருந்த எதுவும் வெளியே போகக் கூடாது. முனை எந்த ஷூவுக்குள் புகுந்து யார் காலைக் குத்தக் காத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் லைன் நின்றால் மேனேஜர் குதிப்பார். அதனால் சூப்பர்வைசர்களின் டிராயரில் ஆளுக்கு ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே குச்சி இருக்காது, பழைய ஊசி முனைகள் இருக்கும். தொலைந்ததற்குப் பதிலாக அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினால் நோட்டு சுத்தம், லைனும் ஓடும். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறவர்களுக்கு ஊசி முனை எம்மாத்திரம்!

ஞானசுந்தரியும் ஒட்டியிருக்கிறாள். ஒரு முறைதான். குழந்தைகள் ஷூ ஆர்டர். மீனாம்பாள் என்ற தையல்காரியின் மெஷினில் ஊசி உடைந்து முனை கிடைக்கவில்லை. "அக்கா, லைனை நிறுத்தாதே" என்று மேனேஜர் கத்தினார். இவள் தீப்பெட்டியைத் திறந்தாள். மூன்று மாதம் கழித்துக் கடல் தாண்டிக் கடிதம் வந்தது. ஒரு குழந்தையின் குதிகாலில் ஊசி முனை ஏறியிருந்தது. விசாரணை நடந்தது. நோட்டில் முனை இருக்கிறது, சூப்பர்வைசர் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் மீனாம்பாள் இன்னொரு ஊசியை உடைத்து மறைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி அவளை வெளியே அனுப்பினார்கள். ஞானசுந்தரி வாயைத் திறக்கவில்லை. ஜாஸ்தி வாய் என்று ஊரே சொல்லும் அந்த வாய், திறக்க வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டது. அந்த அவமானம் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

நான்கு வருடம் அதைச் சுமந்துகொண்டிருந்துவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்த அன்றே நேராக மீனாம்பாள் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். மீனாம்பாள் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. "இப்ப வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்குது. அதான் வந்தேன். தனியா மெஷின் போடப் போறேன். நீ வந்து உக்காரு."

எட்டு நாள் கழித்து மீனாம்பாள் வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். "தெச்சுக் குடுக்கறேன் சுந்தரி. ஊசி நோட்டுல மட்டும் நான் கை வெக்க மாட்டேன். என் பேரையும் எழுதக் கூடாது." அன்றிலிருந்து அவள் ஊசி உடைந்தால் ஞானசுந்தரி தன் பெயரைத்தான் எழுதினாள்.

மூன்று வருடம் ஓடியது. தரகர்கள் கொடுக்கும் துண்டு வேலையும் இந்த வருடம் கம்மியாகிவிட்டது. தீபாவளிக்குள் நிலையான ஆர்டர் ஒன்று பிடிக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். எட்டுப் பேரும் பழையபடி டிபன் பாக்ஸோடு யாராவது ஒரு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அப்துல் கஃபார் ஆள் அனுப்பினார்.

கஃபார் பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஆம்பூரிலேயே சின்ன ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கிறார். அப்பர் தைக்க நம்பிக்கையான கூட்டாளி தேடிக்கொண்டிருந்தார். இருபது மெஷின் அவர் போடுவார், ஞானசுந்தரி நடத்த வேண்டும், லாபத்தில் பாதிப் பாதி. அதற்கு முன்னால் சாம்பிளாகப் பன்னிரண்டு ஜோடி குழந்தைகள் அப்பர். தைக்கும்போது அவரே வந்து பார்ப்பார்.

அவர் வரும் செய்தி கேட்டதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்து யூனிட்டிலிருந்து பத்து மெஷின் இரவல் வாங்கிப் போடலாம். தெருப் பெண்கள் பத்துப் பேரைப் பிடித்து அதில் உட்கார வைக்கலாம். "பாய் பாத்தா பெரிய யூனிட்டுன்னு நெனப்பாருக்கா" என்றாள் தபஸ்ஸும். இருப்பவர்களில் இளையவள், போன வருடம்தான் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவள்.

"நாளைக்கு இருபது மெஷின் வேலையைக் குடுப்பாரு. அப்ப தெருவுல போறவங்களா தெப்பாங்க?" என்றாள் ஞானசுந்தரி. எட்டு மெஷினைத் துடைத்து வைத்தாள். அவ்வளவுதான் அலங்காரம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கஃபார் பாய் வந்தார். போட்ட நாற்காலியில் உட்காராமல் மெஷின் மெஷினாக நின்று பார்த்தார். தையல் நேராக இருந்தது. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. "ரெண்டு பேரை நம்பி ஏமாந்துட்டேம்மா. இது மூணாவது" என்றார். சாயங்காலத்துக்குள் சாம்பிள் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும், வண்டி வாசலிலேயே நின்றது. பதினோரு ஜோடி முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது மீனாம்பாள் கையில் இருந்தது.

படக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

மீனாம்பாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டாள். ஊசியின் மேல்பாதி மெஷினிலேயே இருந்தது. முனையைக் காணவில்லை.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். கயிற்றில் கட்டிய காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் இழுத்தார்கள். நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். புடவை மடிப்பை உதறினார்கள், தலைப்பூவைக்கூட எடுத்து உதறினார்கள். அப்பர்களில் காந்தம் வைத்துப் பயனில்லை. எல்லாம் இரும்புப் பக்கிள் வைத்தவை, எங்கே வைத்தாலும் பக்கிள்தான் வந்து ஒட்டும். ஒரு மணி நேரம் போயிற்று. கஃபார் பாய் ஏழாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடுங்கம்மா. எங்கியாவது விழுந்திருக்கும். மத்த பதினோரு ஜோடியைக் கட்டுங்க."

"பன்னெண்டும் ஒரே மேஜையில இருந்தது பாய். எதுலயும் இருக்கலாம்."

தபஸ்ஸும் பின்னால் வந்து ஞானசுந்தரியின் கையில் எதையோ திணித்தாள். தீப்பெட்டி. "பழைய கம்பெனியில இருந்து எடுத்தாந்தேன்க்கா. ஒண்ணை ஒட்டிடலாம். தீவாளி வருதுக்கா" என்று காதில் சொன்னாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

ஞானசுந்தரி மீனாம்பாளைப் பார்த்தாள். மீனாம்பாள் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் விசாரணை அறையிலும் அப்படித்தான் நின்றாள்.

தீப்பெட்டி ஜன்னல் வழியாகச் சாக்கடைக்குப் போனது. ஞானசுந்தரி பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் ஜோடியை நடுவில் வெட்டினாள். உள்ளே இருந்த பஞ்சைப் பிரித்துத் தடவிப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே? பைத்தியமா உனக்கு? என் தோலு அது!"

"தோலு உங்களுது பாய், திருப்பித் தந்துடறேன். காலு எவளோ பெத்த புள்ளையோடது. அதை எங்கேருந்து தர்றது?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பன்னிரண்டு ஜோடியும் மேஜையில் கிடந்தன. இருபத்து நான்கு அப்பரையும் பிரித்துப் பார்த்தாகிவிட்டது. முனை எதிலும் இல்லை. கதை என்றால் கடைசி ஜோடியில் கிடைத்திருக்கும், அவளும் தலை நிமிர்ந்திருப்பாள். நடந்ததோ இதுதான். வீணாக வெட்டியது போலத்தான் எல்லாருக்கும் பட்டது.

அவள் நோட்டை எடுத்தாள். மேல்பாதியை ஒட்டினாள். முனை ஒட்ட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, 'கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஜோடி வெட்டப்பட்டது' என்று எழுதினாள்.

"உன் நேர்மையை நீயே வெச்சிக்கோ. அதுக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டுக் கஃபார் பாய் வண்டியில் ஏறினார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வந்த சீதேவியைக் கத்தரிக்கோலால் விரட்டினாள் என்று சுரங்கப் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசினார்கள். ஜோசுவாகூட, "கொஞ்சம் பொறுமையா பேசியிருக்கலாம்" என்றார். "பேசினேனா? வெட்டினேன்" என்றாள் அவள். மேலுக்குத்தான் அந்த வீராப்பு. தபஸ்ஸும் வேறு கம்பெனியில் இடம் விசாரிக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு ஞானசுந்தரிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு நிமிடம்கூட, ஒட்டியிருக்கலாமோ என்று அவள் நினைக்கவில்லை.

பத்தாம் நாள் கஃபார் பாய் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "அந்த நோட்டைக் குடும்மா" என்றார்.

மூன்று வருட நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். ஐந்து இடத்தில் காலி. ஐந்து இடத்தில் 'கிடைக்கவில்லை'. ஒவ்வொன்றிலும் எத்தனை ஜோடி வெட்டினார்கள் என்ற எண்.

"நாலு யூனிட் போய்ப் பாத்தேன்" என்றார். "நாலுலயும் நோட்டு கண்ணாடி மாதிரி இருக்குது. ஒரு முனைகூடத் தொலையல. ஒரு இடத்துல பாத்தா மேல்பாதி தடி ஊசி, கீழ ஒட்டின முனை சன்ன ஊசி. ஊசியே தொலையாத ஊரு எங்கம்மா இருக்குது? தொலைஞ்சதைத் தொலைஞ்சதுன்னு எழுதினது இந்த நோட்டு ஒண்ணுதான். சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஒரு வாரம் டைம் குடுத்திருக்கான். திரும்பத் தெச்சுக் குடு. மெஷின் வியாழக்கிழமை வந்துடும்."

எட்டுப் பேரில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனால் பாய் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரே ஒரு பேஜாரு. வெளிநாட்டுக்காரன் செக் பண்ண வருவான். அவனுக்கு இந்தக் காலி இடமெல்லாம் வேணாம். அவனுக்குன்னு சுத்தமா இன்னொரு நோட்டு எழுதி வெச்சிடலாம். இது நமக்குள்ள இருக்கட்டும்."

தபஸ்ஸும் ஞானசுந்தரியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சரின்னு சொல்லிடுக்கா என்று அந்த இழுப்புக்கு அர்த்தம்.

"இன்னா பாய் இது?" என்றாள் ஞானசுந்தரி. "இந்த நோட்டைப் பாத்துத்தானே என்னை நம்பறீங்க? அப்ப அவன் மட்டும் பொய் நோட்டைப் பாத்து நம்பணுமா? இங்க ஒரே நோட்டுதான். வர்றவனுக்கும் இதையேதான் காட்டுவேன். அதுக்கு ஒத்துக்கிட்டா மெஷினை இறக்குங்க. இல்லேன்னா டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க."

டீ வந்தது. பாய் எடுத்துக் குடித்தார். பாதி டம்ளரில் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வீட்டுக்காரர் எப்படிம்மா உன்கூடக் குடும்பம் நடத்தறாரு?"

"அவரு ரயில்லயே பாதி நாள் இருக்காரு."

"சரி. ஒரே நோட்டு."

"வாயால சொன்னாப் போதாது." அவள் அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு நீங்களும் இங்கதான் இருந்தீங்க. கெடைக்கலன்னு எழுதினதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ஏதாவது வந்தா எவளோ தையல்காரி தலையில கட்டக் கூடாது. லாபத்துல பாதின்னா இதுலயும் பாதி."

கஃபார் பாய் அவளைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கூட்டு வியாபாரத்துக்குப் பத்திரம் எழுதியது அடுத்த மாதம். அவர் போட்ட முதல் கையெழுத்து இதுதான்.

நோட்டை மூடப் போகும்போது மீனாம்பாள் சுவரோரத்திலிருந்து வந்தாள்.

"தெச்சவ பேரு இருக்கற இடத்துல உன் பேரை எழுதியிருக்கே சுந்தரி" என்றாள்.

"நீதானே எழுதக் கூடாதுன்னே?"

"உன் பேரை அடிச்சிடு. அந்த ஊசியை ஒடச்சது நான்." பாயின் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, 'கி. மீனாம்பாள்' என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் அந்தப் பெயர் பதிந்துவிட்டது.