முழுவேகத்தில் ஒன்றரை மணி நேரம்

அறுவை அரங்கில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்று பேர். மயக்க மருந்து எந்திரத்தைத் தயார் செய்யும் டெக்னீஷியன். அடுத்தவர் மாட்டிய குழாயை ஒருமுறை இழுத்துப் பார்க்காவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. இருபது வருடமாக இதே கதை. “சந்தேகம் வந்தாச்சு, எல்லாரும் கையைக் காட்டுங்க” என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

அன்றைக்கு ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு மாறுகண் அறுவை. சின்ன வேலைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக ஓர் அபூர்வக் கோளாறு: மயக்க ஆவி பட்டால் தசை விறைத்து, உடம்பு கொதித்து, உயிருக்கே உலை வைத்துவிடும். அவள் அண்ணன் வேறோர் ஆஸ்பத்திரியில் டான்சில் அறுவைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அதனால் இவளுக்கு ஊசி வழி மருந்து மட்டும். எந்திரத்துக்குள் பழைய ஆவி தங்கக் கூடாதென்று மருந்துக் குப்பிகளைக் கழற்றி, குழாய்களை மாற்றி, ஆக்சிஜனை முழுவேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டிருந்தார். அறுவை முடியும்வரை அந்த வேகம் குறையவே கூடாது. குறைந்தால் மூலைமுடுக்கில் ஒட்டியிருக்கும் ஆவி மறுபடி கிளம்பிவிடும்.

குழந்தையை மேசையில் படுக்க வைத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை எந்திரத்தைப் பார்த்தார். ஆக்சிஜன் பாதிக்கும் கீழே. காலையிலிருந்து அவரைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. ஆள் படுக்காத நேரத்தில் வீணாகக் கூடாதென்று ஆக்சிஜன் திருகைக் குறைப்பது அவருடைய கைப்பழக்கம். ஊரார் கையையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன் கையை விட்டுவிட்டார்.

சத்தமில்லாமல் திருகைக் கூட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

“டாக்டர், நிறுத்துங்க. ஆக்சிஜனை நானே குறைச்சுட்டேன்.”

மயக்க மருந்து டாக்டரம்மா நிமிர்ந்தார். “எவ்ளோ நேரமா?”

“தெரியலைங்க. மறுபடி முதல்லேர்ந்து ஓடவிடணும்.”

அறுவை டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிவிட்டுப் போகட்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் தாயின் முகத்தில் எப்படி விழிப்பதென்பதுதான் டெக்னீஷியனின் கவலை. பசியில் சிணுங்கிய குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

“என் தப்புதாம்மா. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.”

தாய் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவ அண்ணன் போன அன்னிக்கு, என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கூட வெளிய வந்து சொல்லலைங்க” என்றாள். “நாங்க காத்திருக்கோம். நீங்களே ஓடவிடுங்க. வேற யாருகிட்டயும் விட்றாதீங்க.”