சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்த கடிதம்

அன்று மத்தியானம் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் துப்புரவு வேலை செய்யும் கட்டடத்தின் சாப்பாட்டு அறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், மலர் அக்கா, ஹெயிட்டிக்காரி ரோஸ்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எதற்கும் பயம். ஐம்பது வயதானதும் மார்புப் பரிசோதனைக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. அதிலிருந்த படத்தைப் பார்த்தே எதற்கு என்று விளங்கிவிட்டது. பயத்தில் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிறகு மார்பில் பயறளவு கட்டி தட்டுப்பட்டது. சீனியை விட்டேன், மஞ்சள் தண்ணீர் குடித்தேன். கட்டி கரையவில்லை.

அன்று கடிதத்தையும் கட்டியையும் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டுச் சமாளித்தேன். "எனக்கு அது வராதக்கா. மச்சம் மாமிசம் தொடுறேல்லை, வெள்ளி விரதம், ஒவ்வொரு நாளும் நடக்கிறனான்."

மலர் அக்கா அதை ரோஸுக்குப் பிரெஞ்சில் சொன்னா. ரோஸ் தலைத்துணியைக் கழற்றினாள். முடி இப்போதுதான் முளைக்கிறது. அவள் மாதக்கணக்கில் வேலைக்கு வராத காரணம் அப்போதுதான் தெரிந்தது.

ரோஸ் பிரெஞ்சில் சொன்னதை அக்கா தமிழில் சொன்னா: "தானும் நடக்கிறவளாம், குடிக்கிறேல்லையாம், எண்டாலும் அது வந்ததாம். உடம்பு சரியில்லை எண்டு ரெண்டு தரம் போய்ச் சொல்லியும் டொக்டர் களைப்பு எண்டு அனுப்பிப்போட்டாராம். கறுப்பியின்ரை சொல்லை ஆர் கேட்டது எண்டுறாள். உன்னை அவையளே கூப்பிட்டும் நீ கடிதத்தைச் சாமிக்குக் குடுத்திட்டியாம்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அடுத்த கிழமை ரோஸ்தான் என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். புற்றுநோய்தான். சின்னதாக இருந்தபடியால் சத்திரசிகிச்சையோடும் கதிர்ச்சிகிச்சையோடும் தப்பினேன். இப்போது சுகம்.

விரதத்தையும் நடையையும் விடவில்லை. ஆனால் டொக்டரிடம் மலர் அக்காவோடு போகிறேன். அவர் சொல்வது விளங்கும்வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை. கடிதம் வந்தால் சாமிக்கு முன்னால் வைத்தே உடைக்கிறேன்.