எழுவைதீவு என்று ஒரு ஃபோல்டர்

எனக்குச் சோம்பல் அதிகம். ஒரே வேலையை இரண்டாம் தரம் செய்யச் சொன்னால் முகம் கோணிவிடும். ஊர்காவற்றுறையில் ஓர் உதவி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட நாட்களில் இந்தச் சோம்பலைத்தான் எல்லோரும் கெட்டித்தனம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போரினால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டு, சாமான்கள் எல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. அப்படி வந்த ஒன்றுதான் நான்கு வட்டுகள் பூட்டிய சேமிப்புப் பெட்டி. அலுவலகத்தின் எட்டுக் கணினிகளும் அதிலிருந்தே கோப்புகளை எடுக்கும். பெரிய கொம்பனிகளுக்கென்று செய்த சாமான். எங்கள் ஜெனரேற்றர் அதற்குப் பிடிக்கவில்லை. மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு தரமும், எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்று நான் கொடுத்து வைத்த அனுமதிகளில் பாதியை மறந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியதும் நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பவும் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாம் வாரம் ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டேன். பெட்டி விழித்ததும் அது தானாக ஓடும். ஃபோல்டர்களின் பெயர்களை வாசித்து, எதை யாருக்குத் திறப்பது என்று அதுவே முடிவு செய்யும். போகிற போக்கில் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து வேறொரு வட்டில் வைக்கும்.

விதி இலேசானது. ஃபோல்டருக்குத் தீவின் பெயர் இருந்தால் எல்லோருக்கும் திற. இல்லாவிட்டால் அதை உருவாக்கியவருக்கு மட்டும் திற. தீவுப் பெயர் உள்ளவற்றில் இருந்தவை படகுப் பட்டியல்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வேலையாகப் போகிறவர்களின் பெயர்களைச் சீருடைக்காரர் ஒருவர் காலையில் வந்து பார்த்து, சரி என்றால்தான் படகு ஏறலாம். பிரின்ரருக்கு மை வராதபடியால் அவரை முன்மேசைக் கணினிக்கு முன்னாலேயே இருத்திப் பட்டியலைக் காட்டினோம். முன்மேசையில் யார் இருந்தாலும் பாஸ்வேர்ட் ஒன்றுதான். அதுவும் என் வசதிக்காகச் செய்தது.

பின்னறையில் ஓர் அக்கா இருந்தார். காணாமல் போனவர்களின் வீட்டாரிடம் நடந்ததைக் கேட்டு எழுதுவது அவருடைய வேலை. அதுவரை கையால் எழுதித் தன் பையில் கொண்டு திரிந்தார். வழியில் சோதனைச்சாவடிகளில் பைகளைக் கிளறத் தொடங்கியபின், இனிக் காகிதம் வேண்டாம் என்று முடிவெடுத்து ஒரு திங்கட்கிழமை பின்னேரம் என்னிடம் வந்தார்.

"தம்பி, உந்தப் பெட்டிக்குள்ள ஒண்டை எழுதி வைச்சால் வேற ஆரும் பாக்க ஏலாதெல்லே?"

"ஏலாது அக்கா. உங்கட கணினியில இருந்து ஒரு ஃபோல்டரைத் துவக்குங்கோ. நீங்கள் மட்டும்தான் பாக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. எதை வைக்கப்போகிறார், என்ன பெயர் போடப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அது எப்படிப் பூட்டப்படுகிறது என்று அவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்த மரியாதை அதுதான். எனக்குத் தெரியாத ஒன்றை யாரும் என்னிடமிருந்து அடித்துக்கூடப் பிடுங்க ஏலாது. ஆகவே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

செவ்வாய் முழுதும் நெடுந்தீவில் ஒரு கணினியைத் திருத்திக்கொண்டிருந்தேன். புதன் காலை நான் முன்மேசைக்குப் பின்னால் நின்றேன். சீருடைக்காரர் வழக்கம்போல் வந்து கதிரையில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தேத்தண்ணி கொடுத்தால் நன்றி சொல்வார். நெடுந்தீவைத் திறந்து பார்த்தார், மூடினார். நயினாதீவைத் திறந்தார். அப்போதுதான் திரையில் கீழே நின்ற ஒரு பெயரைக் கண்டேன்.

எழுவைதீவு.

எழுவைதீவில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே எங்கள் ஆட்கள் யாரும் போவதில்லை. அந்தப் பெயரில் நான் ஒரு ஃபோல்டரும் செய்யவில்லை. அப்படியானால் செய்தது யார் என்று நினைத்தவுடன் பின்னறை அக்காவின் முகம் வந்தது. தீவின் பெயர் என்றபடியால் என் நிரல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது.

"எழுவைதீவு, இண்டைக்கு யார் போறது?" என்று சீருடைக்காரர் தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். கை மவுசில் இருந்தது.

பின்கதவால் போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினேன். ஓடினேனா நடந்தேனா என்று இன்றும் தெரியாது. திரும்பி வந்தபோது எல்லாத் திரைகளும் இருண்டிருந்தன. "டீசல் முடிஞ்சுது சேர்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் சிரித்தார். "பரவாயில்லை, போட்டிட்டு வா. நான் இருக்கிறது" என்று காலை நீட்டிக்கொண்டார்.

அங்கேதான் எனக்கு உண்மையில் உயிர் போனது. திரும்ப ஜெனரேற்றரைப் போட்டால் பெட்டி விழிக்கும். பெட்டி விழித்தால் என் நிரல் ஓடும். எழுவைதீவை மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடும். நான் கையால் பூட்டினாலும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அது தன் பாட்டில் திறக்கும். சொன்னதைச் செய்கிற பிசாசு ஒன்றை நானே வளர்த்து விட்டிருந்தேன். டீசல் கானைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் பின்னறைக்குப் போய், பெட்டியை மற்றக் கணினிகளோடு இணைத்த வயரைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்தேன். பிறகுதான் ஜெனரேற்றரைப் போட்டேன். முன்மேசையில் ஒன்றும் வரவில்லை. "நெட்வேர்க் பழுது" என்று சொல்லி, படகுக்குப் போகிற ஆறு பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைத்துவிட்டு, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிப் போனார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அது எங்கட வேலைக்குள்ளயே வராத தீவு. அதை ஆர் தேடப்போறான் எண்டு நினைச்சுத்தான் அந்தப் பேரை வைச்சனான்" என்றார்.

நானும் என் பெட்டியும்தான் தேடியிருந்தோம். உள்ளே ஒரே ஒரு கோப்பு. எங்கள் கரையில் மீன்பிடிக்கிற ஒருவரின் மனைவி சொன்னது. கணவரை யார், எப்படிக் கொண்டுபோனார்கள் என்று தன் பெயரும் வீடும் சொல்லிக் கொடுத்த வாக்குமூலம். பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்கு, முன்மேசைக் கணினியிலிருந்து அந்தக் கோப்பு ஒருதரம் திறக்கப்பட்டிருந்தது. கணினியின் பெயர் இருந்தது. ஆளின் பெயர் இல்லை. முன்மேசையில் இருப்பவரைக் கேட்டேன். "நான் எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாக்கிறனான். எது எண்டு ஆருக்கு ஞாபகம்" என்றார். அவராக இருக்கலாம். சீருடைக்காரராகவும் இருக்கலாம்.

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், யோசித்தேன். அக்கா விடவில்லை. வியாழக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"என்ர பேரும் அதில இருக்கோ?"

"ஓம்."

"அப்ப பிள்ளையள் மூண்டு பேரையும் இனி ஒரு வீட்டில படுக்க விட ஏலாது" என்றார், தனக்குத்தானே கணக்குப் பார்ப்பதுபோல். பிறகு என்னைப் பார்த்து, "அதை அழிச்சுப் போடும். நான் பாத்துக்கொண்டிருக்க அழியும்" என்றார்.

அக்கா தடுக்கப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் இருந்தது அது ஒன்றுதான். இன்னொரு தரம் அவர் வாய் திறக்கப்போவதில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். அழித்தேன்.

"வேற எங்கயும் இருக்கோ?"

இருந்தது. என் நிரல் ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தது. செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் ஒன்று. ஒவ்வொன்றையும் திறந்து, இதுதான் என்று அவருக்குக் காட்டி, அழித்தேன். அவர் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டினார். கடைசிப் பிரதியும் போனபின் அந்த நிரலையும் அழித்தேன். அவர் எழும்பிப் புறப்பட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"நீர் அதை வாசிச்சனீரோ?"

"இல்லை" என்றேன்.

வாசித்திருந்தேன். அவருக்குக் காட்டத் திறந்த நான்கு தரமும் என் கண் வரிகளில் ஓடியது. அவர் கணவர் அன்றைக்குப் போட்டிருந்த சேட்டின் நிறம் எனக்குத் தெரியும். நிறுத்திய வாகனம் எது, இறங்கியவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். அவரையும் அதை எழுதிய அக்காவையும் தவிர, எனக்குத் தெரிந்து அது இப்போது இருக்கிற ஒரே இடம் நான்தான். இத்தனை வருடம் கழித்து, வேறு நாட்டில் இருந்து இதை எழுதும்போதும், அந்த நிறத்தை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.