கியர் பிடித்த கை

எங்கள் வண்டி டிரைவரை டிப்போவில் எல்லாரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிய மனுஷன். அதில் பதினோரு வருஷம் நான்தான் கண்டக்டர். எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கியர் பிடிக்கிற கை ஆட ஆரம்பித்தது. "அட, கியர் ராடு உதறுற உதறல் கையில ஏறிடுச்சுப்பா, டிரைவர்னா இருக்கத்தான் செய்யும்" என்றார்கள் டிப்போவில். நானும் தலையாட்டினேன், மடையன். அதற்கேற்ப, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கை கம்மென்று நின்றுவிடும். அதனால் அண்ணன் லீவே போடுவதில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கி ஓட்டினார். மேனேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஒரு நாள் பிரேக்கில் கால் வைக்கத் தாமதமாகி, வண்டி நடைபாதையில் ஏறி ஒரு பெண்ணின் கூடையை நசுக்கி நின்றது. அவள் தப்பியது யார் செய்த புண்ணியமோ. அண்ணி அழுது அமர்க்களம் பண்ணி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துணைக்கு நான். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். "பார்த்தியா, கியர்தான்!"

டாக்டரம்மா விடவில்லை. இது அந்த ஸ்கேனில் தெரியாது, வேறு ஒன்று எடுக்கணும் என்றார். ஊசி போட்டு, மூன்று மணி நேரம் காக்க வைத்து, தலை அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

"மூளையில ரெண்டு பக்கமும் கமா மாதிரி பளிச்சுன்னு தெரியணும்" என்று திரையைக் காட்டினார். ஒரு பக்கம் கமா. மறுபக்கம் வெறும் புள்ளி. "கை ஆடுறது, கால் மந்தமானது எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா பார்க்கின்சன்தான். ஆரம்பம், மாத்திரைக்கு நல்லாவே கேட்கும். ஆனா இனிமே பஸ் ஓட்டக் கூடாது." டிப்போவுக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணி வண்டியில், அண்ணன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கடிதம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"குடுக்கலையாண்ணே?"

"ஓட்டும்போது கை நிக்குதுடா. இறங்கினாத்தான் ஆடுது. ரிட்டயராக இன்னும் நாலே வருஷம். என்னை இறக்கி விட்டுடாதேடா."

காலில் விழாத குறை. நான் பின்னால் போனேன். கண்டக்டர் இரட்டை மணி அடிக்காமல் வண்டி நகராது. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நிறைய ஜனம்.

"யோவ், தூங்கிட்டியா?" என்று ஒருவர் கத்தினார். கண்ணாடியில் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணி அடிக்காமலே கயிற்றை விட்டேன்.

வெகுநேரம் கழித்து இன்ஜினை அணைத்தார். இறங்கினார். எல்லாரும் பார்க்க அந்தக் கை ஆடத் தொடங்கியது. அதே கையால் கடிதத்தை எடுக்கப் பார்த்தார். விரலில் சிக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"தொடாதேடா" என்றார்.