கார்டு என் கையில் இருந்தது

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஹோண்டுராஸில், எங்கள் ஆற்றங்கரையில், போன அக்டோபர் பதினேழாம் தேதி, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. ஒரு வரிகூட கூட்டிச் சொல்லவில்லை.

ஊருக்கு மேலே, ஆற்றோர அறையில், உள்ளங்கை அளவு கணினி ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஏறினால் கீழூரில் சைரனை அலற வைப்பது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒரு மெமரி கார்டு, ஒரு பென் டிரைவ். ஒன்று செத்தால் இன்னொன்றை வைத்து ஓட்டலாம். எல்லாமே இரண்டிலும் தானாகப் பதிவாகிவிடும், கணினியை எழுப்பி ஓடத் தொடங்க வைக்கும் கோப்புகளைத் தவிர. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அவற்றை மட்டும் கார்டிலிருந்து பென் டிரைவுக்கு நாமே நகலெடுக்க வேண்டும்.

இதையெல்லாம் அமைத்தவன் என் கணவர் ஒஸ்மானின் தம்பி எல்மர். "பீன்ஸுல உப்பு மறந்தாக்கூட அண்ணன் தின்னுடுவான். இதை மறந்தீங்க, ஊரே போயிடும் அண்ணி" என்பான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனை ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அப்டேட் போட்டேன். முடியும் நேரத்தில் ஒஸ்மான் போன் செய்தார்.

"மகராணி இன்னைக்கு வீட்டுக்கு வர்றதா உத்தேசம் உண்டா? இல்ல, அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டியா?"

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன். நகலெடுக்கவில்லை.

வியாழக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. ஒஸ்மானும் எங்கள் மகள் யாரெலியும் கீழூரில், தையற்காரி வீட்டில் இருந்தார்கள்.

பிற்பகல் 3:20. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதே நொடி திரை இருண்டது. கார்டைப் பிடுங்கினேன். சுட்டது. செத்துவிட்டது.

போனில் சிக்னல் இல்லை. ஓடினால் கீழூருக்கு நாற்பது நிமிடம். தண்ணீருக்கு இருபதே போதும்.

பென் டிரைவை வைத்து எழுப்பினேன். பாதியில் நின்றது. உள்ளே இருந்தது புதிய அமைப்பு. எழுப்பியது பழைய கோப்பு. ஒன்றுக்கு ஒன்று அடையாளம் தெரியவில்லை.

மறுபடி எழுப்பினேன். நின்றது. மறுபடி... அதே இடம்.

3:26.

"எல்மர்... மறந்துட்டேன்டா. பாப்பா கீழ இருக்காடா..."

வாய்விட்டு அழுதேன்.

அறைக்குள் சேற்று வாடை. கதவு சாத்தித்தான் இருந்தது. கூரையும் ஒழுகவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

அதில் யாரும் இல்லை.

டக்.

விசைப்பலகை. நான் தொடவில்லை.

டக்... டக்... டக்...

உறைந்து கிடந்த திரையில் எழுத்துகள் வந்தன. கார்டிலிருந்து பென் டிரைவுக்கு நகல்...

கார்டு என் இடது கையில் இருந்தது.

3:29.

கீழே சைரன்.

மறுநாள் காலை ஒஸ்மான் மகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். கீழூரில் இருபது வீடுகளை ஆறு கொண்டுபோயிருந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

"இனிமே உன் பொட்டியைத் திட்டமாட்டேன்டி" என்றார். குரல் உடைந்தது.

அடுத்த வாரம் கணினியைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். பென் டிரைவைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். கணினியை எழுப்பும் கோப்புகள் அதில் இன்னும் ஆகஸ்ட் மாதத்துப் பழையவைதான். ஒன்றுகூட நகலாகியிருக்கவில்லை.

"இது அன்னைக்கு எழுந்திருக்கவே இல்லக்கா. இங்கேருந்து சைரனுக்குக் கட்டளையே போகல."

"எல்லாருக்கும் கேட்டுச்சே..."

தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த யாரெலி தலையைத் தூக்கினாள்.

"அது சைரன் இல்லம்மா. அப்பாதான் சைரன்னு சொல்றார். ஆத்துக்குள்ளேருந்து ஒருத்தர் கத்தினார். நாங்க எல்லாரும் மேடு ஏறி முடிக்கிற வரைக்கும் கத்தினார்."

கொஞ்சம் யோசித்தாள்.

"நடுவுல ஒரு தடவைகூட மூச்சு விடல."